ஆறு பேர் சம்மதம்

பிள்ளைகளே, இன்று காலை ஷார்ஜா தொழில்பேட்டைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த இருவர் பேசிக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன். ஒருவர் போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் சிவப்புத் தொப்பி போட்டிருந்தார்.

“அந்தச் சின்ன நாட்ட ராணுவக் கூட்டணியில சேத்துக்கிட்டாங்களாம்ப்பா. இனிமே பக்கத்து நாட்டுக்காரன் கை வச்சா எல்லாரும் சேந்து வருவாங்க,” என்றார் போன்காரர்.

“குடுத்து வச்ச நாடுண்ணே. எனக்கு வயிறு எரியுது.”

“ஒனக்கு ஏன் எரியுது?”

“பக்கத்து ரூம் தடியன் தெனமும் என் சட்டிய அடுப்புலேர்ந்து எறக்கிட்டு அவன் சட்டிய ஏத்துறான். ஒங்க மெஸ் சட்டியத் தொடுவானா? ஆறு பேர் இருக்கீங்க. நானும் மூணு மாசமா சேத்துக்கச் சொல்லிக் கேக்குறேன்.”

தொழிலாளர் தங்கும் கேம்ப்பில் ஒன்றாகச் சேர்ந்து, முறை வைத்துச் சமைக்கிறவர்களைத்தான் மெஸ் என்போம். புதிய ஆள் வர எல்லாரும் சம்மதிக்க வேண்டும்.

“அந்த நாட்டயும் ஒருத்தன் மட்டும் வேணாம்னு இழுத்தடிச்சானாம்.”

“ஒங்க மெஸ்ல அது யாருண்ணே?”

பஸ் இரண்டு சிக்னல் தாண்டியது.

“நான்தான்,” என்றார் போன்காரர்.

“நீங்களா? நான் என்னண்ணே செஞ்சேன்?”

“ஒன் மீன்கொழம்பு வாசத்துக்கு எங்காளுங்க கதவத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கானுங்க. என் கொழம்ப ஒருத்தனும் ரெண்டாந்தரம் கேட்டதில்ல.”

தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. வேலை சைட் வாசலில் பஸ் நின்றது.

“சரி, இன்னைக்கே சட்டிய எடுத்துட்டு வா. ஆனா வெள்ளிக்கெழம மீன் என் முறை. அன்னைக்கு நீ அடுப்புப் பக்கம் வரக்கூடாது.”

“உப்பு மட்டும் பாக்கட்டுமாண்ணே?”

“பாத்தியா, இதுக்குத்தான் வேணாம்னேன்.”