திரும்பி நின்னு பேசுங்க

மகள்: இதேதாம்மா. வேற எதுவும் வேண்டாம்.

அம்மா: பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு எதுக்குடி இவ்வளவு விலையில போன்? நான் தைக்கிற கம்பெனியில மேனேஜரே இப்படி ஒண்ணு வச்சுக்கல!

கடைக்காரர்: பாப்பாவுக்கு நல்ல கண்ணும்மா. இந்த கேமராவுல ஒரு போட்டோ எடுத்தா...

மகள்: கேமராவை விடுங்கண்ணா. மைக் எப்படி?

அம்மா: மிக்சியா? மிக்சி எதுக்கு இப்ப?

மகள்: மைக்கும்மா... மைக்.

அம்மா: அ... அதான். கடையில ஒரே இரைச்சல்.

கடைக்காரர்: இரைச்சலா? ஃபேன்கூட ஓடலியே...

மகள்: அண்ணா, அந்தப் பக்கம் திரும்பி நின்னு ஏதாவது பேசுங்க. மெதுவா.

கடைக்காரர்: என்னத்தைப் பேச? ம்... மத்தியானத்துல இருந்து ஒருத்தரும் வரல. நீங்களாவது வாங்கினா தேவலை...

மகள்: அம்மா, ஸ்கிரீனைப் பாரு.

அம்மா: என்னடி, எழுத்தா ஓடுது! "ஒருத்தரும் வரல... நீங்களாவது வாங்கினா..." ஐயய்யோ, தம்பி மனசுல இருக்கிறதெல்லாம் வருதே!

கடைக்காரர்: வாயில வந்ததுதாம்மா! மனசுல இன்னும் நிறைய இருக்கு.

மகள்: இப்ப அந்த விலை கம்மி போன்ல பேசுங்க.

கடைக்காரர்: அதுல... பாரு, "மத்தியானம்"னா "மைதானம்"னு போடுது. அதுவும் நான் பேசி முடிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு!

மகள்: தெரியும். மூணு கடையில பாத்துட்டேன்.

அம்மா: மூணு கடையா? டீச்சர் சொல்றதை எழுதிக்கவா? உனக்குத்தான் கை இருக்கே!

மகள்: எனக்கில்லம்மா. பகல் முழுக்க இது உன்கிட்டதான். நீ வீட்டுக்கு வந்ததும் பாடம் பாக்க ஒரு மணி நேரம் குடு, போதும்.

அம்மா: என்கிட்டயா? நான் எதுக்கு...

மகள்: நேத்து வேணும்னே பின்னால நின்னு நாலு தடவை கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்ல.

அம்மா: ஏதோ யோசனையில...

மகள்: நான் தலையைக் குனிஞ்சா உனக்கு ஒண்ணும் புரியறதில்ல. என் வாயைப் பாத்துதான் பதில் சொல்ற.

அம்மா: ... எத்தனை நாளா தெரியும்?

மகள்: ஒரு வருஷமா. அதான் எப்பவும் உன் முன்னாடி வந்து நின்னு பேசறேன். கவனிச்சியா?

அம்மா: பாசம்னு நினைச்சேன்டி...

மகள்: அதுவும்தான். காது டாக்டர்கிட்டயும் போறோம். சாக்கு சொல்லக் கூடாது.

கடைக்காரர்: பத்து வருஷமா கடை வச்சிருக்கேன்... அம்மாவுக்காக அடம் பிடிச்சு போன் கேட்ட பிள்ளையை இன்னைக்குத்தான் பாக்கறேன்.

அம்மா: இதையே போடுங்க தம்பி.

மகள்: அதுக்கு ஏம்மா அழற?

அம்மா: போன மாசம் எனக்கு சூப்பர்வைசர் வேலை குடுத்தாங்கடி. பிள்ளையைப் பாத்துக்கணும்னு உன் தலையில பழியைப் போட்டுட்டு வேண்டாம்னுட்டேன்... மீட்டிங்ல உக்காந்தா குட்டு வெளிப்பட்டுடுமேன்னு பயம். அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நாளைக்குப் போய் சரின்னு சொல்லிட்டு வரேன்.