மயில் அச்சு

பழைய காசுகளில் முதலில் தேய்வது மூக்குதான் சார். சக்கரவர்த்தியாக இருந்தால் என்ன, ஆயிரம் கை மாறினால் மொண்ணையாகிவிடும். அதனால் நான் மூக்கை எப்போதும் கொஞ்சம் எடுப்பாகவே செதுக்குவேன்.

அருங்காட்சியக வாசலில் விற்கிற ரோமானிய வெண்கலக் காசுகள் எல்லாம் நான் அடித்த நகல்கள். ஒரு பக்கம் ராஜாவோ ராணியோ. மறுபக்கம் கப்பல், ஓநாய், கோட்டை வாசல். வீட்டின் பின்னறைதான் பட்டறை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி சாப்பிடக் கூப்பிடுவாள், போவேன். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்: "தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இனிமே அங்கேயே இருந்துக்கறேன். நீங்க உங்க ராஜா ராணிங்களோட இருங்க."

நான் கோபப்படவில்லை. சாப்பிடக் கூப்பிட இனி ஆளிருக்காதே என்று நினைத்தேன், அவ்வளவே. மறுநாள் அவள் முகத்தைச் செதுக்க ஆரம்பித்தேன். போகிறவளை வெறுங்கையோடு அனுப்பலாமா? கொண்டை, காதோரச் சுருள், கீழுதட்டின் மேடு, எல்லாம் அப்படியே அவள்தான். மறுபக்கத்தில் மயில். ராணியை முதுகில் ஏற்றிக்கொண்டு பறக்கிறது.

"மூக்குதான் கொஞ்சம் ஜாஸ்தி," என்றாள். நெடுநாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். விடைபெற அருங்காட்சியகத்துக்குப் போனபோது அங்கிருந்த காப்பாட்சியர் அம்மாவிடம் காசைக் காட்டினாள். நானும் கூட இருந்தேன்.

"என்னங்க இது? இந்த மயில் செத்துப்போன ராணிக்குத்தானே? அவங்களை மேலோகத்துக்குத் தூக்கிட்டுப் போறதா போடுவாங்க," என்றார் அந்த அம்மா.

"பாருங்களேன், ஊருக்குப் போறேன்னு சொன்னா மனுஷன் மேலேயே அனுப்பிட்டாரு!" என்றாள் என் மனைவி. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. தப்பான காசு என் கையிலிருந்து போனதே கிடையாது. முகம் சரியாக வந்திருந்தது. மயிலிலும் குறை சொல்ல முடியாது. அவள் உயிரோடு இருந்ததுதான் பொருந்தவில்லை. காசைக் கறுக்கவைக்கிற மருந்து பட்டறையில் எப்போதும் இருக்கும். அவள் கிளம்புகிற அன்று காலை நானே காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"அதிசயமா இருக்கே," என்று முழுக்கக் குடித்தாள். பெட்டி கதவருகே தயாராக இருந்தது. கடைசிவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் யாரும் தனியாக இருக்கக் கூடாது.

மயிலை மாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயம்தான். உயிரோடிருக்கும் ராணிக்கு, கையில் தானியக் கதிரோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் போடுவார்கள். புதிதாகச் செதுக்கக்கூட வேண்டாம். அந்த அச்சு என்னிடம் இருந்தது. அவள் காசை அடித்த அன்று இரண்டும் மேசைமேல்தான் கிடந்தன. எது யாருக்கு என்று எனக்குத் தெரியாதா சார்? கதிர் அச்சைத் துடைத்து, அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன்.