டாக்டர் சொன்னபடி நடக்கிறவர்கள்

வத்தேகம பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் கண்டியில் ஒரு பெரிய வீட்டில் சமைக்கிறவர், இளையவர் பல்லேகல காமண்ட்ஸ் ஆலையில் தைக்கிறவர். ஒரே தோட்டத்து லயத்துக்காரர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“சாமான் விலை ஏறினதுல இருந்து நாங்கதான்டி டாக்டர் சொன்னபடி நடக்குறோம்” என்றார் மூத்தவர்.

“என்னக்கா சொல்றீங்க?”

“நான் சமைக்கிற வீட்டு நோனாவுக்குப் பிரஷர். சாப்பாட்டைக் குறைங்க, நல்லா நடங்கன்னு டாக்டர் சொன்னாராம். அதுக்காக அவங்க தினம் கண்டி வாவிக்கரையைச் சுத்தி நடக்குறாங்க. நம்ம வீட்டுல யாரும் சொல்லாமலே ராச்சாப்பாடு நின்னுபோச்சு. எங்க வீட்டுக்காரரு, உங்கண்ணன், வேலைக்கு நடந்தேதான் போறாரு.”

“அப்ப அண்ணன் நூறு வயசு இருப்பாரு!”

“இருப்பாரு, இருப்பாரு. அவருக்கும் பிரஷர்தான். கிளினிக்ல மாத்திரை இல்ல, வெளிய வாங்குங்கன்னுட்டாங்க. நோனா முழுசா விழுங்குறாங்க. இவருக்கு நான் பாதியா உடைச்சுக் குடுக்குறேன். காலையில தலை சுத்துதுன்னு அப்படியே உக்காந்துட்டாருடி.”

இளையவர் அவர் பக்கம் திரும்பினார்.

“கொடிக்கிட்ட இறங்குறது யாரு?” கண்டக்டர் கத்தினார்.

வெளியே, லயத்துக்குப் போகிற பாதை நெடுக சாவுக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகள்.

“ஒரு சாவுக்குக் கட்டினதைக் கழட்டுறதுக்குள்ள அடுத்தது வந்துருது. இந்தக் கண்டக்டர் அதையே பஸ் ஹோல்ட்டுக்குப் பேரா வச்சிட்டான். நோனா ரோட்டுல ஒரு கொடிகூடக் கிடையாது” என்றபடி மூத்தவர் எழுந்தார்.

இளையவர் அவர் பையை வாங்கிக்கொண்டார்.

“இன்னைக்கு அண்ணனுக்கு முழு மாத்திரையாக் குடுங்கக்கா. நாளைக்கு இந்தக் கொடிய அவரையே கழட்டச் சொல்லுவோம்.”