பழைய படகுக்கு நாற்பது குதிரை

படகு மோட்டார் வாங்க வருகிறவர்கள் தங்கள் படகைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், ஐயா. பக்கத்துப் படகைப் பற்றித்தான் பேசுவார்கள். அவன் எத்தனை குதிரைசக்தி மோட்டார் போட்டிருக்கிறான், நம்மை எப்படி முந்துகிறான் என்பதுதான் கவலை. என் தங்கையின் கணவரும் அப்படித்தான் என் கடைக்கு வந்தார்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள். எதிர்க்கரைக்கு ஆட்களையும் மளிகைச் சாமான்களையும் ஏற்றிப்போகும் ஃபைபர் படகு அவருடையது. அதிலிருந்த பதினைந்து குதிரை மோட்டார் கண்ணை மூடிவிட்டது. படகுக்கும் வயதாகிவிட்டது. வெளியே எவ்வளவு பளபளத்தாலும், மோட்டார் மாட்டும் பின்பலகைக்குள் இருப்பது மரம்தான்.

"மறுபடி பதினைஞ்சே போடுங்க மாப்பிள்ளை. மிஞ்சிப்போனா இருபது. பழைய உடம்பு, தாங்காது," என்றேன்.

அவர் கடையில் நின்றிருந்த மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "மோட்டார் விக்கிறாரே தவிர, மச்சான் குளிக்கவே ரெண்டு தடவை யோசிப்பாரு. நம்ம கரைக்கப்பல்கிட்ட போய் வேகத்தைப் பத்திக் கேட்டேன் பாருங்க."

கடையே சிரித்தது. தங்கையும் கூட வந்திருந்தாள். அவளும் சிரித்தாள்.

கரைக்கப்பல் என்பது அவர் எனக்கு வைத்த பெயர். நியாயமாகப் பார்த்தால் நல்ல பெயர். எனக்குத் தோன்றியிருந்தால் நானே வைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் அதுவரை எல்லோரையும் சிரிக்கவைக்கிற ஆள் நான்தான். அவர் வந்தபிறகு, நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால்கூடத் தங்கை முதலில் அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் சிரித்தால்தான் சிரிப்பாள். இதற்காகவா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. எனக்கும் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏதாவது சொத்துத் தகராறு இருந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

"சரி மாப்பிள்ளை, நாற்பதே போட்டுடலாம்," என்றேன்.

"அப்படி வாங்க வழிக்கு," என்று என் தோளைத் தட்டினார்.

மறுநாள் படகைக் கடை வாசலுக்கு இழுத்து வந்தார். புது மோட்டார் மாட்டுமுன் பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். உள்ளே மரம் காய்ந்திருந்தால் கணீரென்று கேட்கும். ஊறிப்போயிருந்தால் தலையணையைத் தட்டியது போலிருக்கும். இது தலையணை.

"என்ன சொல்லுது மச்சான்?"

"கல்லு மாதிரி இருக்கு மாப்பிள்ளை."

போல்ட்டுக்குத் துளை போடும்போது வெளிறிய மரத்தூள் உதிரவேண்டும். காப்பிச் சக்கை மாதிரி கறுப்பாக, ஈரமாக வந்தது. அவர் டீ வாங்கப் போயிருந்தார். சக்கையைத் துணியால் வழித்தெடுத்தேன். துளைகளில் பசையை நிறைய விட்டு போல்ட்டை இறுக்கி, சுற்றிலும் பெயின்ட் அடித்தேன். பார்க்க நன்றாக இருந்தது. வேலையில் நான் குறை வைப்பதில்லை. அவர் டீயோடு திரும்பினார். எனக்குச் சர்க்கரை கம்மி என்று கடைக்காரரிடம் மறக்காமல் சொல்லி வாங்கியிருந்தார். அந்த டீயை முழுக்கக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். மோட்டாரின் கைப்பிடியை முறுக்கினார், படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நடுத்தண்ணீரில் முழு வேகத்தில் போகும்போது பின்பலகை மோட்டாரோடு பிய்ந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்திருந்தவர் அதோடு சேர்ந்தே தண்ணீருக்குள் போய்விட்டார். நீச்சல் தெரிந்தவர்தான். பெட்ரோல் குழாய் காலில் சுற்றியிருந்தது என்று உடலை எடுத்தவர்கள் சொன்னார்கள்.

நான் எதிர்பார்த்தது இதையல்ல. கரையை விட்டுக் கிளம்பும்போதே, எல்லோரும் பார்க்க, முழங்கால் தண்ணீரில் மோட்டார் கழன்று விழும். அவர் நனைந்த கோழி மாதிரி நிற்பார். நான் அவருக்கு ஒரு பெயர் வைப்பேன். பெயரைக்கூட யோசித்து வைத்திருந்தேன். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று சத்தியமாக நம்பினேன்.

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீ மட்டும் அன்னிக்குக் கையைப் பிடிச்சு இறக்கலைன்னா நானும் போயிருப்பேன்ணா. என் உயிரு நீ போட்ட பிச்சை," என்று அழுகிறாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுக்கிறேன். வேறு எதையும் பொறுத்துக்கொள்வேன், அந்த நன்றியைத்தான் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடுமுன் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஆமாம் ஐயா, அன்று அவளும் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான்தான் இறக்கினேன். ஒன்றும் ஆகாது என்று நம்பியவன், தங்கையை மட்டும் ஏன் இறக்கினாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

அவளுக்கு லேசாகச் சளி பிடித்திருந்தது, ஐயா. அந்தக் காற்று ஒத்துக்கொள்ளாது.