அடுத்த வருசத்து எஞ்சின்

— வேதப்புத்தகத்து மேல கைய வச்சாச்சு, சம்மந்தி. இந்த ராஜையன் இனி சொல்லப்போற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். ஒண்ணு பொய்யா இருந்தாலும் ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போற வழியிலயே என் நாக்கு இழுத்துக்கிடட்டும்.

— போன மாசமும் இப்படித்தான் கைய வச்சீரு, அண்ணே.

— போன மாசம் வச்சது பாட்டுப்புத்தகத்து மேல. அதுக்கு அவ்வளவு பலம் கெடையாது, பாத்துக்கிடும்.

— செரி, சொல்லும். அருமனையில இருந்து ரெண்டு பஸ் மாறி சுசீந்திரத்துல எறங்கி, வெயில்ல நடந்து வந்திருக்கேன். கல்யாணத்துக்கு நீரு தாரேன்னு சொன்ன காரு என்னாச்சு, எஞ்சின் கத எதுவரைக்கும் வந்துதுன்னு என் வீட்டுக்காரி நேசம்மா கேட்டுட்டு வரச் சொன்னா. கேட்டுட்டு கொஞ்சம் கால நீட்டணும்.

— சம்மந்தியம்மா போன மாசம் சொல்லிவிட்டதுல இருந்து எனக்கு ஒறக்கம் கெடையாது.

— ஏழாம் மாசம் உம்ம மவ ஜாஸ்பின தலப்பேறுக்கு உம்ம வீட்டுக்கு அனுப்பணும்னா வாக்கு குடுத்த காரு வந்து வாசல்ல நிக்கணும், இல்லன்னா அவ படி எறங்க மாட்டான்னு சொல்லிவிட்டா. நான்தானே வந்து சொன்னேன்.

— இப்ப ஏழு பெறந்தாச்சு.

— பெறந்தாச்சு.

— நான் தரமாட்டேன்னு எப்பமாவது சொன்னதுண்டா? நிச்சயத்தன்னைக்கு போதகர் முன்னால நான் என்ன சொன்னேன்? நீரே சொல்லும்.

— இருக்கதுலயே புது மாடல் தாரேன்னு சொன்னீரு.

— காருன்னுதான் நான் வாயெடுத்தேன். புது மாடல்னு திருத்துனது யாரு?

— நேசம்மா. அதுக்குக் காரணம் பக்கத்து வீட்டு டெல்வின். அவனுக்கு மாமனார் வீட்டுல ஒரு வண்டி குடுத்தாவ. குடும்பம் மொத்தமும் ஏறுத பெரிய வண்டி. மறுமாசமே கம்பெனிக்காரன் அதுக்க மூஞ்சிய மாத்தி வேற மாடல் எறக்கிட்டான். ஓடி அலுக்கதுக்கு முன்னாலயே டெல்வினுக்க காரு பழசாயிட்டு. அன்னைக்கு நேசம்மா சிரிச்ச சிரிப்புக்கு அளவில்ல. அது நம்ம வாசலுக்கே திரும்பி வந்துருமோன்னுதான் அவளுக்குப் பயம்.

— அந்தச் சிரிப்ப நெனச்சுதான் நானும் ஓடுதேன். தை மாசம் ஷோரூமுக்குப் போனேன். டீசல் எஞ்சின நிறுத்தப் போறாவன்னு வாசல்ல வச்சே ஒருத்தன் சொன்னான். நின்னு போற எஞ்சினயா மருமவனுக்குக் குடுப்பேன்? சித்திரையில போனேன். முன்விளக்கு மாறப்போவுதுன்னான். ஆடியில போனேன்...

— ஆடியில மழைன்னு சொன்னீரு.

— மழையிலதானே கண்ணாடிக் கூர ஒழுகுதான்னு பாக்க முடியும்? நின்னு பாத்தேன். ஒழுகுச்சு. அடுத்த மாடல்ல ஒழுகாதுன்னு அவனே ஒத்துக்கிட்டான். இப்ப முக்கியமான விசயத்துக்கு வாரேன். போன செவ்வாக்கிழம பேச்சிப்பாறையில அக்கா வீட்டுக்குப் போனேன்.

— போன செவ்வாக்கிழம கால்ல நீர் கோத்து வீட்டுலதான் கெடந்தீரு. ஜாஸ்பின்கிட்ட போன்ல சொல்லியிருக்கீரு.

— அது வேற செவ்வாக்கிழம. போற வழியில, ரப்பர் தோட்டத்து ஓரமா ஒரு வண்டி நிக்கு. உடம்பு பூரா கறுப்பும் வெள்ளயுமா வளஞ்சு வளஞ்சு கோடு. பாத்தா கண்ணு சொருகும். வெளிய வராத மாடல ரோட்டுல ஓட்டிப் பாக்கும்போ யாரும் போட்டோ எடுத்துரக் கூடாதுன்னு அப்படித்தான் ஒட்டுவாவ. பானட்ட தெறந்து வச்சுட்டு ஒரு பையன் நிக்கான். லிஜின்னு பேரு, கருங்கல்காரன், கம்பெனியில இஞ்சினியர். தண்ணி இருக்கா தாத்தான்னு கேட்டான். குடுத்தேன். வண்டிக்குத்தான் கேட்டிருக்கான், நான் குடிக்கச் சொல்லிட்டேன். அதுல பழகிட்டோம்.

— எஞ்சின் எத்தன சிசி?

— என்னத்துக்கு?

— நேசம்மா கேப்பா. மஸ்கட்டுல இருக்க அவ தம்பி வீடியோ வீடியோவா அனுப்புதான். அவ்வளவும் பாத்து மனப்பாடமா வச்சிருக்கா. போன மாசம் டர்போன்னு நீரு சொன்னத நான் போய்ச் சொன்னேன். சிலிண்டர் மூணா நாலான்னு கேட்டா. நான் முழிச்சேன். எனக்கு சொந்தமா பொய் சொல்ல வராதுண்ணே. காதுல விழுந்தத அப்படியே கொண்டு சேப்பேன். அதனால தெளிவாச் சொல்லும்.

— ஆயிரத்து ஐநூறு சிசி. மூணு சிலிண்டர்.

— மூணு வேண்டாம். நடுங்குமாம். மாசமா இருக்கவளுக்கு ஆகாதுன்னு சொல்லுதா.

— அப்பம் நாலு. லிஜின் நாலுன்னுதான் சொன்னான். பெட்ரோலும் உண்டு, கரண்டும் உண்டு. எறக்கத்துல ஓடும்போ பேட்டரி தன்னால நெறயும். அணையில இருந்து குலசேகரம் வரைக்கும் என்ன ஏத்திட்டு எறங்கினான். கீழ வந்து பாத்தா, மேல இருந்தத விட பெட்ரோல் கூடுதலா இருக்கு.

— பெட்ரோல் எப்படிண்ணே கூடும்?

— அதத்தான் நானும் கேட்டேன். அது எங்களுக்கே பிடிகிட்டல்ல தாத்தா, அதனாலதான் வண்டி வெளிய வர தாமசமாவுதுன்னு சொன்னான்.

— ம்.

— பின்ன பிரேக்கு. குறுக்க ஏதாவது வந்தா வண்டி தானா நின்னுரும். கோழி வந்துது, நின்னுட்டு. பசு வந்துது, நின்னுட்டு. எதுக்க என் மச்சினன் வந்தான். வண்டி தானா ரிவர்ஸ் எடுத்து, ரப்பர் தோட்டத்துக்குள்ள போயி, விளக்க அணச்சுட்டு நின்னுது. அவன் போன பெறவுதான் மூச்சு விட்டுது.

— இதயும் நேசம்மாகிட்ட சொல்லணுமா?

— மச்சினன விட்டுரும். ஏன் ஓய் ரோட்டயே பாக்குதீரு?

— ஒண்ணுமில்ல. சொல்லும்.

— இனிதான் காரியம். அடுத்த மாடல்ல பெரிய மாற்றமே பின்சீட்டுலதான். முதுகு சாயும், கால் நீளும், கீழ இருந்து குளுந்த காத்து வரும். குடும்ப வண்டின்னா மாசமா இருக்கவ ஏறாம இருப்பாளா? ஆனா அந்தச் சீட்டுல மாசமா இருக்கவ யாரும் இதுவர உக்காந்து பாக்கல்ல. ஏழு மாசக்காரி ஒருத்தி உக்காந்து, நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தாத்தான் வண்டிய எறக்குவாவளாம். தாத்தா வீட்டுல அப்படி யாரும் உண்டான்னு கேட்டான்.

— நீரு உண்டுன்னு சொல்லிட்டீரு.

— பொய்யா சொன்னேன்? உள்ளததானே சொன்னேன். ஞாயித்துக்கிழம வண்டி என் வீட்டு முத்தத்துக்கு வருது. அதுக்குள்ள ஜாஸ்பின் இங்ஙன வந்துரணும். இல்லன்னா தக்கலையில வேற ஆளப் பாத்துருவான். பெறவு அந்த மாடலுல முதல் வண்டி அவியளுக்குத்தான். இத மட்டும் சம்மந்தியம்மாகிட்ட அழுத்திச் சொல்லும்.

— எத்தன நாளு உக்காந்து பாக்கணும்?

— பேறுகாலம் கழியது வரைக்கும்.

— அதுக்குப் பெறவு?

— பிள்ள சீட்டுன்னு ஒண்ணு இருக்குல்லா. அத யாரு சோதிப்பா? தொண்ணூறு நாளாவது வேணும்.

— அண்ணே.

— சொல்லும்.

— அந்தப் புத்தகத்து மேல இருந்து கைய எடும். எடுத்துட்டு ஒண்ணு சொல்லும். காரு உம்மால ஆகுமா?

— ...ஆகாது.

— ம்.

— அன்னைக்கே ஆகாதுன்னு சொல்லியிருக்கணும். புதுச்சட்ட போட்டிருந்தேன். சபையில பாதிப்பேரு வந்து நிக்காவ. வாய் தொறந்தா வாக்குதான் வருது. மேல உள்ள தோட்டம் கல்யாணத்தோட போயாச்சு. இனி என்கிட்ட இருக்கது இந்த வாய் ஒண்ணுதான். அதுவும் களச்சுப் போச்சு, சம்மந்தி. ஒரு வருசமா மாசத்துக்கு ஒரு எஞ்சின் கண்டுபிடிக்கேன். கம்பெனிக்காரன் கூட அத்தன கண்டுபிடிக்கல்ல.

— எனக்கு மட்டும் களைப்பில்லயா? கேட்டு, சொமந்துட்டுப் போயி, ஒண்ணுவிடாம ஒப்பிக்கணும்.

— சம்மந்தியம்மா மேல எனக்குக் கோவமில்ல. ஆனா ஜாஸ்பினுக்க அம்ம போயி ஆறு வருசமாச்சு. இந்த வீட்டுல அவளுக்கு நான் ஒருத்தன்தான். உளுந்தங்கஞ்சி வைக்கப் படிச்சேன் ஓய். மூணு தடவ அடிபிடிச்சுது. நாலாவது செரியா வந்துது. கருப்பட்டி கொஞ்சம் கூடிட்டு. மேல அறைக்கு அவளால படி ஏற முடியாதுன்னு கட்டில கீழ இந்த முறிக்குள்ள எறக்கிப் போட்டேன். ஒத்தைக்குத்தான் எறக்குனேன். அதுலதான் கால் நீர் கோத்துது.

— அதுவா செவ்வாக்கிழம?

— அதுதான். இதெல்லாம் அங்ஙன போய்ச் சொல்லாதேயும். கஞ்சியச் சொன்னா எரக்கப்படுவாவ. எஞ்சினச் சொல்லும்.

— நாலு சிலிண்டர்.

— நாலு சிலிண்டர். பின்சீட்டு சாயும். ஞாயித்துக்கிழமைக்குள்ள. ...என்ன சத்தம் அது?

— ஆட்டோ.

— இந்தச் சந்துக்குள்ள ஆட்டோ வராதே. வழி மாறியிருப்பான்.

— மாறல்ல. நான்தான் வழி சொல்லிக் குடுத்தேன். வெயில்ல அவளுக்குத் தல சுத்திச்சு. ஜங்ஷன்ல எலுமிச்ச நாரங்கா வெள்ளம் வாங்கிக் குடுத்து, பைய கூட்டிட்டு வால மக்கான்னு மவன் பெனிஷ்கிட்ட சொல்லிட்டு நான் முன்னால நடந்தேன்.

— யாரு... ஜாஸ்பினா எறங்குதா?

— பெட்டியும் பையும் இருக்கு. நீரு தூக்காதேயும், கால் நீர் கோக்கும். பெனிஷ் தூக்குவான்.

— அப்பம் இவ்வளவு நேரம் என்ன எதுக்கு ஓய் பேச விட்டீரு? சிசியெல்லாம் கேட்டீரே.

— கத முழுசையும் கேட்டுட்டு வரணும்னு உத்தரவு. பாதியில நிறுத்துனா சாயங்காலம் எனக்குச் சாயா கெடைக்காது.

— சம்மந்தியம்மாவுக்குத் தெரியாம கூட்டிட்டு வந்துட்டீரோன்னு பயந்து போனேன்.

— காலைல அருமனை ஸ்டாண்டுல பஸ் நிக்கதுக்கு முன்னாலயே கூட்டத்துக்குள்ள இடிச்சுப் போயி, ஜன்னல் வழியா துண்டு போட்டு அவளுக்கு சீட்டு பிடிச்சுக் குடுத்ததே நேசம்மாதான்.