லைட் இல்லாத நாற்பது நிமிடம்

மூன்று மணி நேர வீடியோ கேசட்டை சி.டி.யில் ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த முடியாது. கேசட் ஓட ஓடத்தான் கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கொள்ளும். இது தெரியாமல் பலர் கொடுத்துவிட்டு, டீ குடித்து வந்ததும் முடிந்ததா என்று கேட்பார்கள். அணுபுரத்தில், ஊராரின் கேசட்டுகளை சி.டி. போட்டுத் தரும் கோபாலகிருஷ்ணன் சார் வீட்டில் தோட்ட வேலை செய்தபோது பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வாக்குமூலம் எழுத ஆள் வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. நானே எழுதித் தருகிறேன். முப்பத்தைந்து வயதில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து கற்ற எழுத்து. கை மெதுவாகத்தான் போகும்.

அந்தக் காலத்தில் செய்யூர் பக்கம் சவுக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். கல்யாண நாட்களில் வீடியோக்காரருக்கு லைட் பிடிப்பேன். அவர் கேமராவைத் திருப்பும் பக்கம் நான் லைட்டைத் திருப்ப வேண்டும். எத்தனை கல்யாணம் பிடித்தாலும் லைட் பிடிப்பவன் படத்தில் வரமாட்டான்.

தொண்ணூற்றாறு ஆவணியில் ஒருநாள் காலை, டீக்கடையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தோப்புக்காரர் நரசிம்மன் நோட்டைப் பிடுங்கி, நான் எழுதியதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இன்னாடா ஜானகி, கலெக்டருக்குப் படிக்கிறியா? ஒரு பக்கம் எழுதறதுக்குள்ள ஒரு வண்டி கட்ட ஏத்தியிருப்ப."

நோட்டைப் பாய்லர் அடுப்பில் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காதவன் என் தம்பி சின்னையன் ஒருவன்தான். நரசிம்மன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"எங்க அண்ணன் நோட்டயா எரிக்கிற? இன்னிக்கி உன்ன முடிக்காம வுட மாட்டேன் பாத்துக்க."

பத்துப் பேர் கேட்டார்கள். சின்னையன் கோபம் டீ ஆறுவதற்குள் ஆறிவிடும். மாலையில் அதே ஊர்க் கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு உட்கார்ந்துவிட்டான். எனக்கு அப்படி ஆறுவதில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு லைட் பிடித்தது நான்தான். ஏழேகாலுக்கு வீடியோக்காரரிடம் பல்பு போய்விட்டது, வாங்கி வருகிறேன் என்றேன். மண்டபத்துக்குப் பின்னால்தான் நரசிம்மனின் தோப்பு. அவர் பம்பு செட்டில் குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அங்கே கிடந்ததில் கைக்குப் பழகிய கனத்தில் ஒரு சவுக்குக் கட்டையை எடுத்தேன். மூன்று முறை போட்டேன். நான்காவது தேவைப்படவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் கையை அங்கேயே கழுவ முடிந்தது. திரும்பி வந்து பல்பு மாட்டினேன். அது காலையிலிருந்தே என் பையில் இருந்தது. பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நின்றபோது லைட் ஆடவே இல்லை என்று வீடியோக்காரர் பாராட்டினார்.

நான் செய்ததை வாயால் சொன்னவன் சின்னையன். சட்டம் சொன்னவனைப் பிடித்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நரசிம்மன் வீட்டாருக்குப் பயந்து கோர்ட்டுக்கு வரவில்லை. கல்யாணக் கேசட் ஒன்று இருந்தது. மங்கலக் காரியத்துக் கேசட்டைக் கொலைக் கேஸுக்குத் தருவதா என்று பெண் வீட்டார் மறுத்துவிட்டார்கள். ஆயுள் தண்டனை விழுந்தது.

தம்பி பெண்சாதி, பெயர் வேண்டா, ஏழு வருஷம் அந்த வீட்டுக்கு நடந்தாள். கடைசியில் அந்தக் கல்யாணப் பெண்ணே மனம் இரங்கிக் கேசட்டைக் கொடுத்தாள். பூஞ்சை பிடித்திருக்கிறது, கெடுவதற்குள் சி.டி. போட்டுக் கொண்டுவாருங்கள், அப்பீலுக்கு ஆகும் என்றார் வக்கீல். வேண்டா என்னிடம்தான் தந்தாள்.

"மாமா, பத்திரம். அவரு உசுரு இதுக்குள்ளதான் கீது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அணுபுரம் சார் வீட்டுக்கு எடுத்துப்போனேன். சார் நாடாவைத் துடைத்து ஓடவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பந்தி வந்தது. கேமரா வந்ததும் ஆளாளுக்கு இலையைப் பார்த்துக் குனிந்தார்கள். ஒருவன் மட்டும் நிமிர்ந்து, கேமராவுக்கு அப்பளத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

"இவர்தானே உங்க தம்பி? படத்து ஓரத்துல மணி பாருங்க, ஏழு நாப்பது. செத்தவரைக் கடைசியா எப்பப் பாத்தாங்க?"

"ஏழேகாலுக்கு உசுரோட பாத்தாங்க சார். எட்டு மணிக்குப் பொணமாப் பாத்தாங்க."

"அப்ப வந்துருவார் ஜானகி. கவலைப்படாதீங்க." சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா ஏழேகால்லேர்ந்து படம் இருட்டா இருக்கே. ட்யூப்லைட் வெளிச்சம்தான் தெரியுது. லைட் பிடிச்சவன் எங்க போனான்? அவனும் பந்தில உக்காந்துட்டானா?"

"பல்பு போயிருக்கும் சார்."

"நாப்பது நிமிஷமா? அவனையும் விசாரிக்கச் சொல்லி வக்கீல்கிட்ட சொல்லுங்க."

லைட் பிடிப்பவன் படத்தில் வரமாட்டான் என்றேன் அல்லவா. இல்லாமல் போனால் வருவான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கேசட் முடியும் நேரத்தில் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. ஏற்றியது அத்தனையும் போயிற்று. கேசட் இருக்கிறதே, சாயங்காலம் மறுபடி போடலாம் என்று சார் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. உடைந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் முடியும். இதைச் சொல்லித்தந்ததும் சார்தான். ஒட்டினேன். ஏழேகாலுக்கு ஓட்டிவைத்து, பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். அழிப்பதற்கும் அதே நாற்பது நிமிடம் ஆகும். அவசரப்படுத்த முடியாது. சின்னையன் தூக்கிப் பிடித்த அப்பளம்கூடப் போய்விட்டது. பிறகு செல்லோடேப்பை உரித்துவிட்டு, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

சாயங்காலம் சார் பந்தி இருந்த இடத்தில் வெறும் புள்ளிகளைப் பார்த்தார். கம்ப்யூட்டர் நின்றபோது தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார். "என் கையால போச்சே ஜானகி" என்று அழுதார். அதன்பிறகு யார் கேசட்டையும் அவர் வாங்கவில்லை. என்னைக் கண்டால் தலை குனிவார்.

வேண்டா அழவில்லை.

"நீங்க இன்னா பண்ணுவீங்க மாமா, எங்களுக்காக இம்மாந்தூரம் அலஞ்சீங்க. மனுவ எழுதுங்க. நம்ம வூட்ல எழுதத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான்."

எழுதினேன். முதலமைச்சருக்கு, கவர்னருக்கு, சிறை அதிகாரிக்கு, பதினொரு மனு. எதுவும் நடக்கவில்லை. போன மாசம் சின்னையன் சிறையிலேயே காய்ச்சலில் போனான். உடலை வாங்கக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். கைநாட்டா என்று காவலர் கேட்டார். இல்லை என்றேன். இனி இதைச் சொல்வதால் அவனுக்கு ஒரு கெடுதலும் வராது. அதனால் சொல்கிறேன்.

அந்த மனுக்களைக் கொண்டுவந்து பாருங்கள், ஐயா. ஒவ்வொன்றிலும் முதல் வரி ஒன்றுதான்: என் தம்பி குற்றம் செய்யாதவன். எழுத்து கற்ற நாளிலிருந்து நான் ஒரு பொய்யும் எழுதியதில்லை.