தெளிந்த ரத்தம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் போண்டாவை நான் குறை சொல்ல மாட்டேன். நானே சாப்பிடுவேன். ஆனால் வெள்ளச்சி விஷயத்தில் முதலில் காரியத்தைக் கெடுத்தது அந்தப் போண்டாதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பின்னறையில்தான் ஆராய்ச்சி. உடம்பின் செல்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளை ரத்தத்தில் விடுகின்றன. நோயின் தடயம் அவற்றில் இருக்கும். காசநோயை அதை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று நம்பினேன். தொல்லை என்னவென்றால், எண்ணெய்ப் பண்டம் தின்றவர் ரத்தத்தில் மிதக்கும் கொழுப்புத் துணுக்குகளும் ஏறக்குறைய அதே அளவு. ரத்தத்தை இயந்திரத்தில் வைத்து எவ்வளவு சுழற்றினாலும் கூடவே வந்து தொலைக்கும். அதனால் வெறும் வயிறு வேண்டும். மருந்து தொடாத உடம்பும் வேண்டும். மருந்து உள்ளே போனால் பைகளும் மாறிவிடும்.

கல்வராயன் மலையிலிருந்து ராமன் தன் மனைவி வெள்ளச்சியை இருமலோடு கூட்டி வந்தான். சளியில் காசநோய் உறுதியானது. அன்றே மாத்திரை தொடங்கியிருக்கலாம், அரசே இலவசமாகத் தருகிறது. நான் முடிவு வரவில்லை என்று சொல்லி, சத்து மாத்திரை கொடுத்து, மறுவாரம் வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன்.

வந்தார்கள். சுழற்றிப் பிரித்த நீர் பாலாகக் கலங்கியிருந்தது.

“இன்னா குடுத்த?” என்றேன்.

“மலை எறங்கறதுக்குள்ள மயக்கமாயிட்சிங்க. ஒரே ஒரு போண்டாதாங்க,” என்றான் ராமன்.

கோபத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த முறை கரண்ட் போய், உறைய வைத்த மாதிரி உருகிவிட்டது. அதற்கடுத்து ஊசியில் இழுக்கும்போதே சிவப்பணுக்கள் உடைந்தன. இப்படியே மாதங்கள் ஓடின. மாதிரிகள் சுத்தமில்லை என்று என் கட்டுரையைத் திருப்பி அனுப்பின ஆய்விதழ்க்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியும்? அவர்களுக்கு ஜெனரேட்டர் இருக்கிறது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

“மாத்திரை துன்னுக்கினுதாங்க கீறேன். இளைச்சிக்கினே போறேனே,” என்றாள் வெள்ளச்சி.

பொறுத்துக்கொள் என்றேன்.

கடைசியில் ராமன் அவளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தான். முந்தின நாளிலிருந்து ஒரு வாய் கூட உள்ளே இறங்கவில்லையாம். நான் முதலில் ரத்தம் எடுத்தேன். பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வழியிலேயே இறந்துவிட்டாள்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள். அன்று எடுத்தது அவ்வளவு தெளிவு, ஐயா. ஒரு துணுக்குக் கொழுப்பு இல்லை. ஒரே ஆளின் ரத்தத்தை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்பதுதான் என் வருத்தம். ராமனுக்கும் இப்போது இருமல் என்கிறீர்கள். அவனுக்கு மாத்திரை கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.